ஒளி நுழையாத கண்ணுக்குள் ஒலி போகும்: கண் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பற்றி அறிவோம்

கேமரன் மலையில் மூடுபனி இறங்கிய காலைப்பொழுது எப்படி இருக்கும் என்று இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில அடிகளுக்கு அப்பால் இருக்கும் தேயிலைச் செடி தெரியாது. வளைவில் கொழுந்து ஏற்றி வரும் லாரியும் தெரியாது. ஆனால் அந்த லாரியின் ஹார்ன் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும். விளக்கின் வெளிச்சம் வந்து சேராத இடத்துக்குச் சத்தம் எப்படி வந்து சேர்கிறது? இந்தக் கேள்விக்கான விடையை வைத்துத்தான் கண் மருத்துவர்கள் ஒரு பரிசோதனையைச் செய்கிறார்கள். அதன் பெயர் கண் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். தமிழில் மீயொலிப் பரிசோதனை என்றும் சொல்லலாம்.

மாணவர்களே, உங்கள் வயதில் கண் ஸ்கேன் எதற்கு என்று நினைக்கலாம். ஆனால் தோட்டத்து வீடுகளில் பாட்டியோ தாத்தாவோ கிளினிக்குக் கிளம்பினால் துணைக்குப் போவது பெரும்பாலும் நீங்கள்தான். மருத்துவர் மலாயில் சொல்வதைத் தமிழில் பெரியவர்களுக்குச் சொல்வதும், அவர்கள் தமிழில் சொல்வதை மருத்துவருக்கு மலாயில் சொல்வதும் நீங்கள்தான். "கண்ணுல ஸ்கேன் எடுக்கணுமாம்" என்று கேட்டதும் பயந்து வீட்டுக்குத் திரும்பிவிடும் பெரியவர்கள் உண்டு. அந்த நேரத்தில் அருகில் இருக்கும் ஒருவருக்கு விவரம் தெரிந்திருந்தால், ஒருவரின் பார்வையே காப்பாற்றப்படலாம்.

கண்ணுக்குள் எப்போது பார்க்க முடியாமல் போகிறது?

கண்ணை ஒரு சிறிய அறையாக எண்ணிக்கொள்ளுங்கள். முன்புறம் கார்னியா என்ற ஒளிபுகும் படலம். அதன் பின்னால் பாவை என்ற துளை, அதையடுத்து லென்ஸ். நடுவில் தெளிந்த கூழ் போன்ற பொருள். பின்சுவரில் விழித்திரை ஒட்டியிருக்கிறது. அங்கே விழும் பிம்பத்தைப் பார்வை நரம்பு மூளைக்குக் கொண்டுபோகிறது.

கண் மருத்துவர் விளக்கையும் லென்ஸையும் பயன்படுத்திப் பாவை வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, விழித்திரை நலமா என்று சோதிப்பார். இதற்கு ஒளி உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். வழியில் எங்கேனும் மங்கல் இருந்தால் மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது.

இந்த மங்கலுக்கு முதல் காரணம் முற்றிய கண்புரை. மலாயில் இதைக் கத்தாராக் என்பார்கள். லென்ஸில் உள்ள புரதங்கள் ஒன்றோடொன்று திரண்டு, தெளிவாக இருந்த லென்ஸ் பால்போல் வெளுத்துவிடும், அல்லது தேன்போல் பழுப்பாகிவிடும். இரண்டாவது காரணம் கண்ணுக்குள் இரத்தக் கசிவு. நீரிழிவு நோயால் விழித்திரையில் முளைக்கும் வலுவற்ற இரத்தக் குழாய்கள் வெடித்தால், நடுவில் உள்ள கூழில் இரத்தம் கலந்துவிடும். மூன்றாவது, அடிபட்ட கண்.

இவற்றில் முதல் இரண்டும் நம் வீடுகளுக்குத் தொலைவில் இல்லை. மலேசியாவில் 2014ஆம் ஆண்டு நடந்த இரண்டாவது தேசிய கண் ஆய்வு, 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குச் சிகிச்சை பெறாத கண்புரையே காரணம் என்று காட்டியது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே இந்த அளவு மற்ற இனத்தவரைவிட அதிகம்.

மூடுபனியைத் தாண்டும் அலை

ஒளியை ஏன் கண்புரை தடுக்கிறது? அது ஒளியை முழுவதும் விழுங்கிவிடுவதில்லை. பல திசைகளில் சிதறடிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஈராயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்குப் பக்கத்தில் உள்ள புரதத் திரளைகள் எதிர்ப்பட்டால் ஒளி சிதறிப்போகும். மூடுபனியின் நீர்த்துளிகளும் விளக்கொளியை இப்படித்தான் சிதறடிக்கின்றன.

ஹார்ன் சத்தத்தின் அலைநீளமோ ஒரு மீட்டரை ஒட்டியது. கண்ணுக்கே தெரியாத சிறு நீர்த்துளி அவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு தடையே அல்ல. கண் ஸ்கேனில் பயன்படும் ஒலியின் அலைநீளம் அவ்வளவு பெரியதல்ல. ஆனால் புரதத் திரளைகளோடு ஒப்பிட்டால் பெரியதுதான். அதனால் கண்புரை இருந்தாலும் அது ஊடுருவிப் போய்விடும்.

அந்த அலைநீளத்தை நீங்களே கணக்கிடலாம். மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைக் கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. கண் ஸ்கேனில் பொதுவாக நொடிக்கு 10 மில்லியன் அதிர்வுகள், அதாவது 10 மெகாஹெர்ட்ஸ் அளவுள்ள ஒலி பயன்படுகிறது. கண்ணுக்குள் ஒலியின் சராசரி வேகம் நொடிக்கு 1,550 மீட்டர். காற்றில் இருப்பதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அலைநீளம் என்பது வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைப்பது. 1,550-ஐ 10,000,000-ஆல் வகுத்தால் 0.000155 மீட்டர், அதாவது 0.155 மில்லிமீட்டர்.

வயிற்றில் உள்ள குழந்தையைப் பார்க்கும் ஸ்கேனில் 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் போதும். கண்ணுக்கு ஏன் 10? அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும். அலைநீளம் குறைந்தால் நுணுக்கமான பகுதிகளும் தெரியும். ஆனால் அதிர்வெண் கூடக்கூட ஒலி ஆழமாகப் போகாது. வயிறு ஆழமானது, கண்ணோ ஓர் அங்குலத்துக்கும் குறைவான ஆழமே உள்ளது. ஆகவே கண்ணுக்கு அதிக அதிர்வெண் பொருந்துகிறது.

எதிரொலியால் எப்படி அளக்கிறார்கள்?

1880ஆம் ஆண்டு பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றியது. மின்னழுத்தம் கொடுத்தால் அதே படிகம் அதிரும் என்பதும் அடுத்த ஆண்டே உறுதியானது. ஸ்கேன் முனைக்குள் இருப்பது இப்படிப்பட்ட ஒரு பொருள்தான். மின்துடிப்பு வந்தால் அது அதிர்ந்து ஒலியை அனுப்புகிறது. பிறகு அமைதியாகக் காத்திருக்கிறது. திரும்பி வரும் எதிரொலி அதை அழுத்த, மின்குறிப்பு உண்டாகிறது. ஒரே பொருள் வாயாகவும் காதாகவும் வேலை செய்கிறது.

எதிரொலியைப் பள்ளியில் கெமா என்று படித்திருப்பீர்கள். ஒரு பொருளிலிருந்து வேறொரு பொருளுக்கு ஒலி நுழையும் எல்லையில் அதன் ஒரு பகுதி திரும்பி வரும். கார்னியா, லென்ஸின் முன்பக்கம், லென்ஸின் பின்பக்கம், விழித்திரை என ஒவ்வோர் எல்லையிலிருந்தும் ஓர் எதிரொலி வரும். எது எத்தனை நேரம் கழித்து வந்தது என்று கருவி அளக்கிறது.

பெரியவர் ஒருவரின் கண் முன்னிருந்து பின் வரை சராசரியாக 23.5 மில்லிமீட்டர் நீளம். ஒலி போய்த் திரும்ப 47 மில்லிமீட்டர். இதை 1,550 மீட்டர் வேகத்தால் வகுத்தால் 0.00003 நொடி. ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கி, அதில் 30 கூறு எடுத்துக்கொண்டால் எவ்வளவோ அவ்வளவு நேரம்தான். கண் இமைக்கும் நேரத்துக்குள் கருவி இதை ஆயிரக்கணக்கான முறை அளந்துவிட முடியும்.

ஏ-ஸ்கேன், பி-ஸ்கேன்

கண் ஸ்கேனில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஏ-ஸ்கேனில் ஒலி ஒரே நேர்கோட்டில் போகிறது. திரையில் படம் வராது. மலைமுகடுகள் போல் சில கூரிய கோடுகள் எழும். ஒவ்வொரு முகடும் ஓர் எல்லை. முகடுகளுக்கு இடையிலான தூரத்தை வைத்துக் கண்ணின் நீளத்தை அறிகிறார்கள். 1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் மன்ட், ஹியூஸ் என்ற இரு மருத்துவர்கள் இந்த முறையைக் கண்ணில் பயன்படுத்தினார்கள்.

பி-ஸ்கேனில் ஒலி விசிறிபோல் பக்கவாட்டில் அசைந்து செல்கிறது. வலுவான எதிரொலி வெள்ளைப் புள்ளியாகவும், எதிரொலி இல்லாத இடம் கறுப்பாகவும் பதிவாகின்றன. புள்ளிகள் சேர்ந்து கண்ணின் குறுக்குவெட்டுப் படமாகின்றன. 1958ஆம் ஆண்டு பாம், கிரீன்வுட் என்ற இருவர் இதைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள்.

நலமான கண்ணின் பி-ஸ்கேன் படத்தில் நடுப்பகுதி கறுப்பாக இருக்கும். பின்சுவர் வெள்ளை வளைவாகத் தெரியும். விழித்திரை பிய்ந்து வந்திருந்தால், அந்தச் சுவரிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு விலகி நிற்கும். முழுவதும் பிய்ந்திருந்தால், பார்வை நரம்பின் இடத்தில் ஒட்டிக்கொண்டு புனல்போல் விரிந்திருக்கும்.

இரத்தக் கசிவு என்றால் நடுவில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அப்போது மருத்துவர், "மேலே பாருங்கள், கீழே பாருங்கள், நில்லுங்கள்" என்பார். தேயிலைத் தூள் போட்ட குவளையைக் கரண்டியால் கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்தாலும் தூள் கொஞ்ச நேரம் சுழன்றுகொண்டே இருக்கும் அல்லவா? அதுபோல் கண் நின்ற பிறகும் இரத்தத் துகள்கள் மிதந்து ஆடும். பிய்ந்த விழித்திரையின் அசைவு வேறு மாதிரி, கட்டிய துணி அசைவதுபோல் இருக்கும். ஆகவே, பார்க்கச் சொன்ன திசையில் பார்ப்பதும் பரிசோதனையின் ஒரு பகுதி. நோயாளிக்கு அது புரியாவிட்டால் துணைக்குப் போனவர்தான் தமிழில் சொல்ல வேண்டும்.

சோடாப்புட்டிக் கண்ணாடியும் மதுரை மருத்துவமனையும்

கண்ணின் நீளத்தை அளந்து என்ன பயன்? இதற்கு விடை கண்புரை அறுவை சிகிச்சையின் வரலாற்றில் இருக்கிறது.

முன்பெல்லாம் மங்கிய லென்ஸை எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு எதையும் உள்ளே வைக்க மாட்டார்கள். அதனால் நோயாளி வாழ்நாள் முழுவதும் தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. அது தொலைந்தாலோ உடைந்தாலோ அவருக்குப் பார்வை மறுபடியும் மங்கிவிடும்.

இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் பிளாஸ்டிக் கூரை உடைந்து, அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் தங்கின. அவை கண்ணைப் புண்ணாக்காமல் கிடந்ததை இங்கிலாந்து மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து கண்ணுக்குள்ளேயே வைக்கலாமே என்று எண்ணி, 1949 நவம்பரில் லண்டனில் முதல் அறுவை செய்தார். லென்ஸ் கண்ணில் தங்கியது. ஆனால் அதன் திறன் தேவைக்கு மிஞ்சியதாக இருந்ததால் நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. லென்ஸ் வைத்தால் மட்டும் போதாது, அந்தந்தக் கண்ணுக்குப் பொருந்திய லென்ஸ் வேண்டும் என்பது இதில் கிடைத்த பாடம்.

தமிழ்நாட்டில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் அவரது விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர் அவர். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. ஏழைகளால் அதை வாங்க முடியவில்லை. 1992ஆம் ஆண்டு அரவிந்த் குழுவினர் அவுரோலேப் என்ற தொழிற்சாலையை மதுரையில் தொடங்கி, பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விலையைக் குறைத்து லென்ஸ் தயாரித்தார்கள். அதன் பிறகு கிராமத்து விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் லென்ஸ் கிடைத்தது.

எல்லாருக்கும் லென்ஸ் என்றால், எல்லாருடைய கண்ணையும் அளக்க வேண்டும். செருப்புக்குக் கால் அளவு பார்ப்பதுபோல்தான் இதுவும். ஏ-ஸ்கேன் இந்த வேலையைச் செய்தது. 1980இல் வெளிவந்த ஒரு சூத்திரம் மிக எளிமையானது:

லென்ஸின் திறன் = லென்ஸுக்குரிய எண் − (2.5 × கண்ணின் நீளம்) − (0.9 × கார்னியாவின் திறன்)

லென்ஸுக்குரிய எண் 118, கண்ணின் நீளம் 23.5 மில்லிமீட்டர், கார்னியாவின் திறன் 44 டையாப்டர் என்று வைத்துக்கொள்வோம். 118-இலிருந்து 58.75-ஐயும் 39.6-ஐயும் கழித்தால் 19.65 டையாப்டர். இப்போது நீளத்தை மட்டும் தவறுதலாக 22.5 என்று அளந்துவிட்டால் விடை 22.15 ஆகிவிடும். ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகில் இரண்டரை டையாப்டர் வேறுபாடு! அந்த லென்ஸை வைத்தால் அறுவை நன்றாக முடிந்தும், எதிரே வரும் பேருந்தின் எண் தெரியாமல் போகலாம்.

இன்று இதைவிடத் துல்லியமான சூத்திரங்கள் வந்துவிட்டன. ஒளியாலேயே நீளத்தை அளக்கும் கருவிகளும் 1999 முதல் பயன்பாட்டில் உள்ளன. கண்ணைத் தொடாமலே அளந்துவிடும் என்பதால் பெரிய மருத்துவமனைகள் அவற்றையே விரும்புகின்றன. ஆனால் கண்புரை மிகவும் முற்றியிருந்தால் அந்த ஒளி உள்ளே போகாது. அப்போது மறுபடியும் ஒலியைத்தான் நாட வேண்டும்.

ஸ்கேன் அறையில் என்ன நடக்கும்?

வகுப்பில் இதைப் பற்றிப் பேசினால் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "டீச்சர், இது எக்ஸ்ரே மாதிரியா? கண்ணு சுடாதா?" எக்ஸ்ரே இல்லை, இதில் கதிர்வீச்சே இல்லை. சுடாது. கண் மென்மையான உறுப்பு என்பதால், உடலின் மற்ற பகுதிகளைவிட மிகக் குறைந்த ஒலியாற்றலே கண்ணில் அனுமதிக்கப்படுகிறது.

பசியோடு வர வேண்டியதில்லை, ஊசியும் இல்லை. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்ற வேண்டும். கண் மை இட்டிருந்தால் துடைத்துவிட்டுப் போவது நல்லது.

பி-ஸ்கேனைப் பெரும்பாலும் கண்ணை மூடச் சொல்லி, இமையின் மேல் ஜெல் தடவி எடுப்பார்கள். ஜெல் எதற்கு? முனைக்கும் தோலுக்கும் இடையில் மெல்லிய காற்று இருந்தாலும் ஏறக்குறைய முழு ஒலியும் அங்கேயே திரும்பிவிடும். காற்றை விரட்டி ஒலிக்கு வழி விடுவதே ஜெல்லின் வேலை. குளிர்ச்சியாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும், அவ்வளவுதான். முடிந்ததும் துடைத்துவிடுவார்கள்.

ஏ-ஸ்கேனில் கண்ணைத் திறந்து வைக்க வேண்டும். முதலில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விடுவார்கள். கொஞ்சம் எரியும், உடனே அடங்கிவிடும். பிறகு பேனா அளவுள்ள முனை கார்னியாவை மெல்லத் தொடும், அல்லது நீர் நிரப்பிய சிறு கிண்ணத்தைக் கண்ணின் மேல் வைத்து அதன் வழியாக அளப்பார்கள். முனை அழுந்தினால் கண்ணின் நீளம் குறைவாகப் பதிவாகும். கண்ணை இறுக்கினாலும் தலையை அசைத்தாலும் அளவு பிசகும். ஒரே கண்ணைப் பலமுறை அளப்பதும் இதனால்தான். பல முறை எடுத்தால் ஏதோ பெரிய நோய் என்று பயப்பட வேண்டாம். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முடிந்த பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மரத்துப்போன கண்ணைக் கசக்கக் கூடாது. வலி தெரியாததால் கார்னியாவில் கீறல் விழுந்தாலும் உணர மாட்டார்கள். அரை மணி நேரமாவது கையை எடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள். அன்றே பாவையை விரிக்கும் சொட்டு மருந்தும் விட்டிருந்தால், சில மணி நேரம் பார்வை மங்கலாகவும் வெளிச்சம் கூசுவதாகவும் இருக்கும். கண் நிபுணரைப் பார்க்க ஈப்போவுக்கு இறங்கிப் போனவர்கள், திரும்பி வரும்போது அந்த வளைவுச் சாலையில் நோயாளியே மோட்டார்சைக்கிளோ காரோ ஓட்டிவரக் கூடாது. வேறொருவர் ஓட்ட வேண்டும்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

ஸ்கேனுக்கு முன் சில செய்திகளை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, கண்ணில் அடிபட்டதா என்பது. தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரம் தெறிக்கவிடும் கல்லும் கம்பித் துண்டும் துப்பாக்கிக் குண்டுபோல் வரும். கண்ணின் சுவர் கிழிந்திருந்தால், ஸ்கேன் முனையின் சிறு அழுத்தம்கூட உள்ளிருப்பதை வெளியே தள்ளிவிடும். அப்படிப்பட்ட கண்ணில் காயத்தை மூடும் முன் பொதுவாக இந்த ஸ்கேன் எடுக்க மாட்டார்கள்; சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். உலோகத் துண்டு இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது, காந்தம் அந்தத் துண்டை நகர்த்திவிடும். "சும்மா தூசிதான்" என்று தாத்தா மழுப்பினாலும், புல் வெட்டும்போது நடந்தது என்பதை நீங்கள் சொல்லிவிடுங்கள். அடிபட்ட கண்ணை அழுத்தவோ கழுவித் தேய்க்கவோ வேண்டாம். அழுந்தாத ஒரு மூடியால் மறைத்து உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

இரண்டாவது, முன்பு நடந்த கண் அறுவை. விழித்திரை அறுவையில் சிலருக்குக் கண்ணுக்குள் சிலிகான் எண்ணெய் செலுத்துவார்கள். அந்த எண்ணெயில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர்தான். எதிரொலி தாமதமாக வரும். எண்ணெய் இருப்பது தெரியாவிட்டால், கருவி அந்தத் தாமதத்தைத் தூரமாகக் கணக்கிட்டுக் கண் மிக நீளமானது என்று காட்டிவிடும். சொன்னால், கருவியில் வேகத்தை மாற்றிக்கொள்வார்கள்.

மூன்றாவது, நீரிழிவு, இரத்த அழுத்தம், தினமும் சாப்பிடும் மாத்திரைகள், மருந்து ஒவ்வாமை. மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்றாலே போதும்.

ஸ்கேனால் சொல்ல முடியாதவை

ஸ்கேன் ஒரு பரிசோதனைதான், சிகிச்சை இல்லை. ஸ்கேன் எடுத்ததால் பார்வை தெளியாது. விழித்திரை இடத்தில் இருக்கிறதா என்று அது சொல்லும். விழித்திரையின் செல்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன என்று சொல்லாது. விழித்திரையின் மெல்லிய அடுக்குகளைக் காண ஓ.சி.டி. என்ற வேறு ஸ்கேன் இருக்கிறது. அது ஒளியால் இயங்குவது. நீரிழிவால் விழித்திரையில் தொடக்கத்தில் வரும் சிறு கசிவுகளும் அல்ட்ராசவுண்டில் தெரியாது. அவற்றைக் கண்டுபிடிக்க விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும். பார்வை நன்றாக இருந்தாலும், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை, இதைச் செய்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் ஒரு பழைய எண்ணத்தை விட்டுவிட வேண்டியிருக்கிறது. "புரை நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பழைய அறுவை முறையில் அதற்குக் காரணம் இருந்தது. இன்று அந்தத் தேவை இல்லை. முற்ற விட்டால் லென்ஸ் கடினமாகி அறுவை சிரமமாகும். அது மட்டுமல்ல, அதன் பின்னால் விழித்திரையில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போகும். அந்த நிலையில் எடுக்கும் ஸ்கேனில் விழித்திரை நெடுநாள் முன்பே பிய்ந்துவிட்டது என்று தெரிந்தால், புரையை எடுத்தாலும் பார்வை திரும்புவது கடினம். அடைபட்ட கண்ணுக்குள் பார்க்க அல்ட்ராசவுண்ட் உதவும். அடைபடும் முன்பே போய்ப் பார்ப்பது அதைவிட நல்லது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கண் முன் திடீரென்று மின்னல் போன்ற ஒளி தோன்றுவது, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஓரத்திலிருந்து திரை இழுத்ததுபோல் பார்வை மறைவது ஆகிய மூன்றும் விழித்திரை பிய்வதன் அடையாளங்களாக இருக்கலாம். வலி இருக்காது, அதனால்தான் பலர் பொருட்படுத்துவதில்லை. அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். இதில் மாதக்கணக்கு இல்லை, நாள்கணக்குதான்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்கள் சிவப்பாகத் தெரிவது வழக்கம். ஒரு கண்ணின் பாவை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பிறவிக் கண்புரையாக இருக்கலாம். அரிதாக, விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்தக் கட்டிகளில் சுண்ணாம்புச் சத்து படிவதால் பி-ஸ்கேனில் அது பளிச்சென்ற வெண்மையாகத் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் குழந்தையின் உயிரையும், பல வேளைகளில் பார்வையையும் காப்பாற்ற முடியும்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

ஒரு கண்ணின் ஏ-ஸ்கேனில் எதிரொலி திரும்ப 0.000032 நொடி ஆனது. ஒலியின் வேகம் 1,550 மீட்டர் என்றால் கண்ணின் நீளம் எவ்வளவு? வேகத்தை நேரத்தால் பெருக்கி, பாதியாக்குங்கள். 24.8 மில்லிமீட்டர் வர வேண்டும். போய்த் திரும்பிய தூரத்தைப் பாதியாக்க மறந்தவர்களுக்கு இருமடங்கு நீளம் வரும். அப்படியொரு கண் யாருக்கும் கிடையாது!

கணக்கு முடிந்ததும் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியா எப்போ கண்ணைக் காட்டினீங்க?" பதில் சொல்ல அவர்கள் நெடுநேரம் யோசித்தால், அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது அதையும் சேர்த்துக் கேட்டு வாருங்கள்.